மூன்று பேரை விட்டுவிட்ட சமாதானம்

சமாதானம் என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தொழிற்சாலையிலும் ஒரு சமாதானம் போட்டார்கள். ஸ்ட்ரைக்கை முடிக்க நிர்வாகமும் சங்கத் தலைவரும் பேசி எழுதிய ஒப்பந்தம். தொழிலாளர்கள் கூடிக் கை தூக்கினால்தான் அது செல்லும். ஸ்ட்ரைக்கை ஆரம்பித்ததற்காக சஸ்பெண்ட் ஆன மூன்று பெண்களில் நான் ஒருத்தி. எங்களுக்கு மட்டும் கை தூக்கும் உரிமை இல்லையாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

கல்யாண மண்டபத்தில் கூட்டம். நாங்கள் மூவரும் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டோம். ஓசூரில் எந்தக் கூட்டமானாலும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சொல்லியாக வேண்டும். தமிழில் தலைவர் முழுதாகப் படித்தார். சம்பள உயர்வு, போனஸ், கடைசியாக, 'மூவரின் பணிநீக்கத்தைச் சங்கம் ஏற்கிறது.' கன்னடத்திலும் தெலுங்கிலும் போனஸோடு நிறுத்திக்கொண்டார். அடப்பாவி! கேட்டைத் தட்டித் தட்டிக் கத்தினேன். உள்ளே கைதட்டல். யார் காதில் விழும்?

சாயங்காலம் நாங்கள் குடியிருக்கும் மூக்கண்டப்பள்ளியில் என் பக்கத்து அறைக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக்காரி, மெஷினிலும் எனக்கு அடுத்து நிற்பவள். பேச்சுத் தமிழ் நன்றாக வரும். தலைவர் மேடையில் படித்த ஏட்டுத் தமிழ் பிடிபடாது.

"கை தூக்கிட்டேன்க்கா. நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே பஸ் ஏறலாம்."

"என் வேலையப் புடுங்கவாடீ கை தூக்கினே?"

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தலைவர் விட்டதைக் கன்னடத்தில் சொன்னேன். அப்போது அவள்மேல் எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

மறுநாள் காலை சண்டைக்கென்றே கம்பெனி கேட்டுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவள் அவள்தான். உள்ளே போகவில்லை. பின்னால் இறங்கிய ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். தெலுங்குக்காரிகளுக்குத் தெலுங்கில். தலைவர் ஓடி வந்தார்.

"ஒருக்கா ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதாம்மா. அதான் ஜனநாயகம். உள்ள போங்க."

"எங்க கூலிக்கு நாங்க ஒத்துக்கலாம்ண்ணா. அக்கா வேலைய விட்டுக் குடுக்க நாங்க யாரு? முழுசா சொல்லி மறுபடி கேளுங்க. தூக்கின கைய எறக்கவும் எங்களுக்குத் தெரியும்."

சொன்னவள் கேட்டை மறித்துத் தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் கூட்டம் மொத்தமும் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தது. ஷிப்ட் சைரன் ஊதியது. ஒருத்தியும் எழவில்லை.