கரி பூசிய அன்று சொன்னது

எங்கள் சித்தி என்றால் எனக்கு உயிர் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கே இருந்ததில்லை. ஆந்திர எல்லையோரம் நகரியில் எங்கள் தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "எங்க சித்தி, எங்க சித்தி" என்று நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்ததை அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். சித்தி வந்து ஒன்றரை வருடத்துக்குள் என்னால் அவளுக்கு நேர்ந்தவற்றை மட்டும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. எல்லாம் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், பாவம் குழந்தை என்ற கணக்கிலேயே போய்விட்டன.

முதலில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நைனாவின், அதாவது என் அப்பாவின் தம்பி. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நான்கு பவர்லூம் தறிகள் ஓடின. நைனா இரண்டைப் பார்ப்பார், சித்தப்பா இரண்டைப் பார்ப்பார். நான்கும் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் பக்கம் தறி வைத்திருக்கும் வீடுகளில் எல்லோருக்கும் ஒரு கைப்பேச்சு உண்டு. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. மீசையை முறுக்குவதுபோல் காட்டினால் நைனா வந்துகொண்டிருக்கிறார், ஒழுங்காக நில். இது ஊருக்கெல்லாம் பொது. இதற்கு மேல் சித்தப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தவை ஏழெட்டு இருந்தன. மூக்கைத் தொட்டால் சாயங்காலம் பஜாருக்குப் போய் மிளகாய் பஜ்ஜி தின்கிறோம் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு நான் கொட்டகை வாசலில் போய் நிற்பது அந்த மூக்கைப் பார்க்கத்தான்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவருக்குக் கல்யாணம் ஆனது. சித்தி புத்தூர்க்காரி. அவர்கள் வீட்டில் மளிகைக் கடை. தறியைக் கிட்டே நின்றுகூடப் பார்த்ததில்லை. அவளுக்குக் கைப்பேச்சு சொல்லிக்கொடுத்தது நான்தான். டீ சொல்லிக்கொடுத்தேன், நூல் சொல்லிக்கொடுத்தேன், நைனாவின் மீசை சொல்லிக்கொடுத்தேன். மூக்கை மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைத்ததாக நினைவில்லை. அது வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் நான் கொட்டகை வாசலில் நின்றேன். சித்தப்பா தறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிமிர்ந்து மூக்கைத் தொட்டார். நான் ஒரு குதி குதித்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால் எனக்குப் பின்னால் சித்தி. அவளும் மூக்கைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அன்றைக்கு மூன்று பேருமாகப் போய்த்தான் பஜ்ஜி தின்றோம். சித்தி அவள் பங்கிலிருந்து ஒன்றை எடுத்து எனக்கு வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. என்னம்மா என்று யாராவது கேட்டிருந்தால் காரம் என்று சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வயிற்றுவலி தொடங்கியது. இது நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நடிக்கத் தெரிந்திருந்தால் வேறு நல்ல வியாதியாகப் பார்த்து எடுத்திருப்பேன். சுருட்டிப் பிடித்து, கண்ணில் நீர் வரும் அளவுக்கு நிஜமாகவே வலித்தது. அது ஞாயிற்றுக்கிழமைகளில், அதுவும் சித்தப்பா சித்தியை எங்காவது அழைத்துப்போகத் தயாராகும் நேரமாகப் பார்த்து வந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று பூச்சி மாத்திரை கொடுத்தார். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். சித்தி பட்டுப்புடவையை அவிழ்த்துவிட்டுப் பழைய புடவையில் வந்து உட்கார்ந்து, என் வயிற்றில் விளக்கெண்ணெய் தேய்த்தாள்.

"நீங்க போய்க்கினு வாங்க. இத உட்டுட்டு நான் எப்டி வர்றது?" என்று சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பாவும் போகாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அரை மணிநேரத்தில் எனக்குச் சரியாகிவிடும்.

இன்னொன்று, சித்தப்பா பஜாரிலிருந்து போன் செய்தது. நான் எடுத்தேன். "சித்திய ஆறு மணி ட்ரெயினுக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு, புத்தூர் போறோம்" என்றார். அவள் அம்மாவைப் பார்த்து மூன்று மாதமாகியிருந்தது. போனை வைத்துவிட்டு ஓடினேன். சித்தி அடுப்பருகே நின்று, "இந்தா, துன்னு பாரு" என்று எனக்கு ஒரு கரண்டி கேசரி கொடுத்தாள். தின்றேன். சொல்ல வந்தது போய்விட்டது. சாமி சத்தியமாக மறந்துதான் போனேன். சித்தப்பா ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு எட்டு மணிக்குத் திரும்பி வந்து கத்தினார். அவர்கள் போட்ட முதல் சண்டை அது. அப்போதும் எனக்குப் போன் ஞாபகம் வரவில்லை. சித்தி அழுதபோது நான்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள்தான் ஞாபகம் வந்து சொன்னேன். குழந்தை, மறந்துவிட்டது என்றார்கள். தண்ணீர் கொடுத்ததைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த வருடக் கோடைக்கு முன்னால் எனக்கு அம்மை போட்டது. சின்ன வயதிலேயே தனக்குப் போட்டுவிட்டது, இனி வராது என்று சொல்லிச் சித்தியே என் பக்கத்தில் படுத்தாள். சித்தப்பா கொட்டகையில் கயிற்றுக்கட்டிலில் படுத்தார். பதினோரு நாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அம்மை இறங்கினால் கங்கம்மா ஜாத்திரையில் எனக்கு வேஷம் கட்டுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மன் திருவிழா நடக்கும் திருப்பதியில்தான் அத்தை வீடு. அந்த ஒரு வாரம் தெருவெல்லாம் வேஷம்தான். நாமக்கட்டியைக் குழைத்துப் பூசியவர்கள், குங்குமம் அப்பியவர்கள், கரி பூசியவர்கள், புடவை கட்டிய ஆண்கள். வேஷம் கட்டியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். அம்மனுக்கு அது பிடிக்குமாம். திட்டு வாங்குகிறவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. வருஷம் நன்றாக இருக்கும் என்று வலிய வந்து குனிந்து வாங்கிக்கொண்டு போவார்கள். பெரியவர்கள் திட்டுவதை இங்கே எழுத முடியாது. எனக்கு அத்தை "நீ மொகம் மண்ட" என்று தெலுங்கில் ஒன்று சொல்லிக்கொடுத்தாள். உன் மூஞ்சி எரிய என்று அர்த்தம். அங்கே அம்மாக்கள் தினமும் பிள்ளைகளைத் திட்டுவதுதான், கெட்ட வார்த்தை இல்லை.

அன்றைக்குக் காலையில் கரியை எண்ணெயில் குழைத்து என் முகம், கை, கால் எல்லாம் பூசினார்கள். இடுப்பிலும் தலையிலும் வேப்பிலை கட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தால் கண்ணும் பல்லும்தான் என்னுடையவை. கையில் ஒரு வேப்பிலைக் கொத்தோடு தெருவுக்கு வந்தேன். எதிர்வீட்டுத் தாத்தா குனிந்தார். "நீ மொகம் மண்ட" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூக்காரம்மா குனிந்தாள். நைனா குனிந்தார். நைனாவையே திட்டியதும் எனக்குக் கிறுகிறுத்துவிட்டது. சித்தப்பா குனிந்தபோது சிரிப்பு வந்து பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அவருக்கு அடுத்து சித்தி. புதுப்புடவை, தலை நிறைய கனகாம்பரம். என் உயரத்துக்குக் குனிந்து, முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "எனுக்கும் ஒன்னு குடு பாப்பா" என்றாள்.

அத்தை சொல்லிக்கொடுத்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நீ ஏண்டி எங்க ஊட்டுக்கு வந்த? நாங்க நல்லாத்தான இருந்தோம். போயிடு. சித்தப்பா என்னுது. உங்க ஊட்டுக்கே போயிடு நீ."

குரல் என்னுடையதுதான். ஆனால் இதையெல்லாம் அதற்கு முன் ஒருநாளும் நான் நினைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மற்றவர்கள் காதால் கேட்டதுபோலவே நானும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதும், ஆமாம் என்று இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாதான் அதிகம் சிரித்தார். "போச்சு, அம்மவாரே சொல்லிட்டா. பொட்டிய கட்டு" என்றார். எல்லாரையும்விடச் சின்ன மருமகளுக்குத்தான் பெரிய திட்டு, நல்ல சகுனம் என்று அத்தை பூரித்துப்போனாள். சித்தி சிரிக்கவில்லை. நிமிரவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கரிக்குள்ளும் அவளுக்கு நான் தெரிந்தேன் என்று நினைக்கிறேன்.

"வயிறு வலிக்குதா?" என்று கேட்டாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"இல்ல."

"சரி" என்று புடவைத் தலைப்பால் என் உதட்டோரக் கரியை ஒருமுறை துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

சாயங்காலம் என்னைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். கரியோடு நான் சொன்னதும் எனக்குள்ளிருந்து போய்விட்டது. மறுநாள் யாராவது கேட்டிருந்தால் எல்லாருக்கும் சொன்னதைத்தான் சித்திக்கும் சொன்னேன் என்று சாதித்திருப்பேன். ஊருக்குத் திரும்பும் ரயிலில் அவள் மடியில்தான் தலைவைத்துத் தூங்கினேன்.

ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் சித்தப்பாவுக்கு வேலை தருவதாக யாரோ சொல்லி ஆறு மாதமாகியிருந்தது. தறியில் ஆர்டர் குறைந்துகொண்டே வந்ததால் நைனாவும் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தடுத்துக்கொண்டிருந்தவள் சித்திதான். "பாப்பாவ உட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறாள். ஜாத்திரை முடிந்து ஒரு மாதத்துக்குள் அவளே, போகலாம், தனியாக வீடு பார்க்கலாம் என்று ஆரம்பித்தாள்.

"நேத்து வந்தவ அண்ணன் தம்பியப் பிரிச்சிட்டா பாரு" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நைனா பல நாள் சித்தியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவள் ஒரு வார்த்தைகூட எதிர்த்துச் சொல்லவில்லை. இந்த வீட்டில் யார் தன்னைப் போகச் சொன்னது என்று ஒருமுறை வாயைத் திறந்திருந்தால் போதும். நானும் அம்மாவோடு சேர்ந்துகொண்டு, எங்க சித்தப்பாவைச் சித்தி கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அழுதேன். மனசார அழுதேன்.

ஆனால் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். தனியாகத்தான் வந்தார். முதல் ரயிலில் வந்து கடைசி ரயிலில் போவார். கையில் ஒரு துணிப்பை இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதில் எனக்கு ஒரு பாவாடை சட்டை இருக்கும். ஒன்றுகூடக் கடையில் வாங்கியது இல்லை, எல்லாம் வீட்டில் தைத்தது. நான் மளமளவென்று வளர்ந்த வருஷம் அது. ஒன்றாவது குட்டையாகவோ பிடிப்பாகவோ இருந்ததில்லை. தன் சட்டை என்ன அளவு என்று கேட்டாலே அம்மாவைப் பார்க்கிற மனிதர் சித்தப்பா. அந்தப் பாவாடைகளைக் கட்டிக்கொண்டு, எங்க சித்தப்பா எனக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சித்தியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வருகிறார் என்று எனக்கு உள்ளூர அவ்வளவு கர்வம். வாரம் ஆறு நாளும் பட்டறையில் உழைத்த மனிதரை ஏழாம் நாள் விடிவதற்கு முன் எழுப்பி, பையைக் கையில் கொடுத்து, ரயிலுக்கு நேரமாச்சு என்று வாசல்வரை வந்து அனுப்பிவைத்தது யார் என்று நான் யோசிக்கவே இல்லை.