காதில் வைத்த பஞ்சு

எங்கள் தீவில் ஓடும் பாம்பூஃப்ளாட் ஃபெரிப் படகில் எனக்கு எஞ்சின் அறை வேலை. அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. எண்ணெயில் நனைத்த பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு கைச்சாடையிலேயே பேசிக்கொள்வோம். வீட்டுக்கு வந்தாலும் நான் பஞ்சை எடுப்பதில்லை. இடது காதில் சிறுவயதிலிருந்தே சீழ் வடியும். பஞ்சு இருந்தால் வெளியே தெரியாது. டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள் மனைவி. செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் அவளும் சாடைக்கு மாறினாள். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோவாள். வீடு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட மடையன் நான்.

போன வருடம் தலைவலி ஆரம்பித்தது. ஒருநாள் ஃபெரியிலேயே வாந்தி எடுத்தேன். "அரே அண்ணா, எஞ்சின்வாலாவுக்கே உல்டியா!" என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. கையிலிருந்த ஸ்பேனரின் பெயர் நாக்கில் வரவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், காதுக் கிருமி எலும்பை அரித்துக்கொண்டு மூளைக்குள் போய்ச் சீழ்க்கட்டி ஆகிவிட்டது, அபூர்வமாகத்தான் இப்படி ஆகும் என்றார்.

மெயின்லேண்டுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். மனைவியும் வந்தாள். மண்டையில் துளையிட்டுச் சீழை எடுத்த பிறகு ஆறு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்ப வரும் என்று எச்சரித்தார்கள். பஞ்சையும் எடுத்துப் போட்டிருந்தார்கள். வலது காது நன்றாகவே கேட்டது.

அந்தக் காதில் அவள் குரல் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். பெரார்கஞ்சில் அவள் அப்பாவின் வயலுக்குள் மான் புகுந்த கதை. "விரட்டப் போன எங்கப்பாவையே அது விரட்டுச்சுக்கா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குத் தெரியாத கதை. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முன்பின் தெரியாத அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது. என் பக்கம் திரும்பினால் மட்டும் இவளுக்குக் கைதான் பேசியது. பிழைப்பேனா என்பதைவிட, இவள் என்னிடம் பேசுவாளா என்பதுதான் அந்த ஆறு வாரமும் என் கவலை.

கடைசி ஊசி போட்டுக் குழாயை எடுத்ததும் அவளைக் கூப்பிட்டேன். "எனக்கு நல்லாக் கேக்குது. அந்த மான் கதைய எனக்கும் சொல்லேன்."

அவள் என்னையே பார்த்தாள். உதடு பிரிந்தது, பிறகு மூடிக்கொண்டது. ஐந்து விரலும் குவிந்து வாயருகே போயின.

நானும் சாடையிலேயே தலையை ஆட்டினேன்.