ஜெபமணி போட்ட அப்பன் வேஷம்

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு யோசன? சோறு வெந்துச்சான்னு மட்டும் பாரு!"

வல்லம் வடகால் கம்பெனிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே ஜெபமணி இப்படி வசனம் பேசுவார். திருப்பத்தில் ஹாரன் அடிப்பார், வசனம் நிற்காது. பேக்கிங் பெண்கள் முதல் நாளே சூப்பர்வைசரிடம் புகார் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை என்று, கூட வேலை பார்க்கும் நான்தான் சமாதானம் சொன்னேன்.

நாடகத்தை எழுதியவள் அவர் மகள் பெனிஷா. ஷிப்டு முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாளாம். மனைவியையும் மகளையும் வாய் திறக்கவிடாத ஓர் அப்பனின் கதை.

அந்த அப்பன்மேல் ஜெபமணிக்குத் தீராத கோபம். "இன்னா மனுசன்ப்பா இவன்! பொண்ணு செருப்பு வாங்கறதுக்குக்கூட இவனாண்ட கேக்கணுமாம். இப்டி ஒருத்தன் எந்த வூட்ல கீறான்?" பெனிஷாவிடமும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கற்பனதாம்ப்பா" என்றாள்.

ஜெபப் புத்தகத்தைப் பார்க்காமல் நாலு வரி சொல்லத் தெரியாதவர் அவர். இருபது பக்க வசனமும் இரண்டே நாளில் மனப்பாடம். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்க என்னைப் போட்டிருந்தார்கள். எனக்கு வேலையே இல்லை.

நாடகத்தன்று பந்தல் நிறையக் கூட்டம். மேடையில் மனைவியாக நடித்த கங்கா, "நான் இன்னா சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தாள். ஜெபமணி விரலை நீட்டி, "நீ..." என்று கம்பீரமாக இழுத்தார். அந்த இடைவெளியில் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் சாவகாசமாக முடித்துவைத்தது:

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம், போய் ரசத்த எறக்கு."

எழுதியிருந்ததில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. சொன்னவர் ஜெபமணியின் மனைவி மரகதம். நாடகத்தை அவர் படித்ததில்லை. ஒத்திகைப் பக்கமே வந்ததில்லை.

பந்தலே சிரித்தது. என் பக்கத்தில் நின்ற பெனிஷா மட்டும், "போச்சு அங்கிள், அப்பாக்குத் தெரிஞ்சிடுச்சு" என்று நகத்தைக் கடித்தாள். நான் அடுத்த வசனத்தை மூன்று முறை எடுத்துக்கொடுத்தேன். ஜெபமணி காதில் வாங்கவில்லை. நீட்டிய விரலை மடக்காமல் மரகதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் திரையை இழுத்துவிட்டோம்.

மறுநாள் மதியம் அவர் வீட்டில் எனக்குப் பிரியாணி. பெனிஷா தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. மரகதம் வழக்கம்போலக் கரண்டியோடு அவரருகே நின்றிருந்தார். ஜெபமணி இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு, முகத்தை டி.வி. பக்கம் வைத்துக்கொண்டே, பக்கத்து நாற்காலியைக் காலால் மெதுவாக மரகதத்தின் பக்கம் தள்ளினார்.