போடிமெட்டு மண்டபத்தில் செம்பு கண்டுபிடித்த கதை

காலையில் போடிமெட்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டத்தை ஒட்டிய பழைய கல்மண்டபத்தில் எனக்கு வேலை. கல்லைச் சுரண்டாமல், உடைக்காமல் அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லும் கைக்கருவி ஒன்று என்னிடம் உண்டு.

ஒரு தூணின் அடியில் வெளிர்பச்சைக் கறை. கருவியை வைத்துப் பார்த்தேன். செம்பு, அதுவும் எக்கச்சக்கமாக.

பழங்கால ஓவியத்தின் பச்சை வண்ணம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். மதுரையில் இருக்கும் என் பேராசிரியருக்கு போன் போட்டேன்.

"யாரையும் கிட்ட விடாத. இப்பவே கிளம்புறேன்" என்றார்.

பத்தாவது நிமிடம், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் அண்ணன் ஒருவர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, செத்த தள்ளிக்கம்மா. மருந்து கலக்கணும்."

"என்ன மருந்துண்ணே?"

"துருசும் சுண்ணாம்பும்தான். மழைக்கு முன்னாடி அடிக்காட்டி ஏலக்கா அழுகிப்போகும்ல."

துருசு என்பது செம்பு உப்பு. மறுபடியும் அந்தக் கறையைப் பார்த்தேன்.

"எப்பவும் எங்கனண்ணே கலக்குவீங்க?"

கறை படிந்த அதே தூணை அன்பாகத் தட்டினார். "இங்கனதான். இதுல சாய்ச்சாத்தான் டிரம்மு ஆடாம நிக்கும்."

பிறகு என் கருவியை உற்றுப் பார்த்தார். "துருசு கூடிப்போச்சான்னு இது சொல்லுமா? நான் கத்தியை முக்கி, செம்பு நிறம் ஏறுதான்னுதான் பாக்குறேன்."

பேராசிரியர் இப்போது உசிலம்பட்டி தாண்டிவிட்டாராம். கூடவே இன்னும் இரண்டு பேராசிரியர்களை அழைத்து வருகிறார்.

"மூணு பேரா? நல்லதாப் போச்சு, டிரம்மைப் பிடிக்க ஆளில்லாம இருந்தேன்" என்கிறார் அண்ணன்.

முதலில் டீ கொடுக்கலாமா, விஷயத்தைச் சொல்லலாமா? அனுபவஸ்தர்கள் வெரசாகச் சொல்லவும். ஆண்டிபட்டி வந்துவிட்டார்கள்.