செவில் நகரில் தமயந்தி அக்கா எங்கே சாப்பிடுகிறார்

பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் குறை சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். சுந்தரமூர்த்தி அண்ணையைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் உலகத்தின் தென்கோடியில் கிடக்கிற இந்தத் தகனினியில் வேறெங்கும் கண்டதில்லை. வெளியே போகும்போது கதவைப் பூட்டுவார், காருக்குப் போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கார் மோட்டர்வேயில் ஏறியதும் எனக்குப் போன் வரும். "சுகந்தினி, எங்க கராஜ் கதவு மூடியிருக்கான்னு கொஞ்சம் பாக்குறீங்களா?" நான் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "மூடித்தான் கிடக்குது அண்ணை, நீங்கள் போங்கோ" என்பேன். ஆறுதலாகப் போவார். மறுமுறையும் கேட்பார். நானும் எரிச்சலோடு எட்டிப் பார்ப்பேன்.

ஈரோட்டுக்காரர். சிட்டியில் ஒரு கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஒப்பீஸ் ஆட்கள் எல்லோரும் பாருக்குப் போவார்களாம். இவரும் மரியாதைக்குப் போய், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஒரேஞ்ச் ஜூஸோடு நின்று, ரயிலைச் சாட்டாகச் சொல்லிக் கழன்று வந்துவிடுவார். அவருடைய கெட்டித்தனம் வேறிடத்தில் இருந்தது. எங்கள் தெருவில் யார் என்ன வாங்கினாலும் அவரைத்தான் கேட்பார்கள். எந்த ஃப்ரிட்ஜ் நல்லது, எந்தக் கார் பெற்றோலைக் குடிக்காது, எந்த டென்டிஸ்ட் நோகாமல் பல் பிடுங்குவார், எல்லாவற்றையும் தோண்டித் துருவிப் படித்துவிட்டுச் சொல்வார். என் வீட்டு வாஷிங் மெஷின் அவர் தேடித் தந்ததுதான். அதைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

இந்தக் குளிர்காலத்தில் அவருடைய கம்பனி ஆட்களைக் குறைத்தது. அவருடைய வேலையும் போனது. அதற்குப் பிறகு நான் பார்த்த சுந்தரமூர்த்தி வேறு ஆள். ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பார். மறுநாள் பேச்சை நிறுத்தமாட்டார். அவருடைய மனைவி தமயந்தி அக்கா ஆசுபத்திரி லாபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். வேலையால் வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் முன்பெல்லாம் அவருடைய சத்தம் கேட்கும். இப்போது அந்த வீட்டில் நோயாளி படுத்திருப்பது போல மெல்லக் கதைக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு ஸ்பெயினுக்கு அழைப்பு வந்தது. செவில் என்ற நகரத்தில் உலகத்து லாப்காரர்கள் எல்லாம் கூடுகிறார்களாம். அக்கா செய்த ஆய்வைப் பற்றி மேடையில் பேசவேண்டும். தனியாகப் பயணம். வெளிக்கிடுவதற்கு முதல் நாள் நான் விடைபெறப் போயிருந்தபோது, பெட்டியை மூடிக்கொண்டே கணவரிடம் சொன்னார்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைங்க. ரூமுக்குள்ள உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு வரக்கூடாது. அந்த ஊர்க்காரங்க சாப்பிடுற மாதிரி, கலகலன்னு இருக்குற எடமா போய் உக்காரணும். நீங்களே தேடிச் சொல்லுங்க. உங்கள விட்டா யாரு?"

கேட்டதும் மனிதரின் முகம் தெளிந்துவிட்டது. ஆனால் அவருக்கு எந்தச் சந்தோசம் வந்தாலும் பயமும் கூடவே வந்துவிடும். அக்காவோ மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர். தனிப் பெண். பாஷை தெரியாது. அந்த நிமிடத்திலிருந்து அண்ணை போனை வைத்துவிட்டு இருந்ததை நான் காணவில்லை.

அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் என்றால் இங்கே மறுநாள் காலை. எனக்கு மங்கரே விமான நிலையத்துக் கார்கோ ஷெட்டில் மத்தியானத்துக்குப் பிறகுதான் ஷிஃப்ட். அதனால் காலையில் நான் குசினியில் நிற்பது அவருக்குத் தெரியும். நான் வெங்காயம் வெட்ட, அவர் மேசையில் இருந்து போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டுவார். செவிலில் உள்ள சாப்பாட்டுக் கடைகளின் படங்களை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியத் தொடங்கியது.

"அண்ணை, இது நல்லாக் கிடக்குது. சனம் நிறைய நிக்குது. சின்னப் பிள்ளையளும் இருக்குதுகள்."

"நல்லாப் பாருங்க, சுகந்தினி. பின்னாடி செவுத்துல பூரா பாட்டில். அங்க எப்படித் தனியா ஒரு பொம்பள போவா?"

புட்டி அடுக்கிய கடை என்றால் அவருக்குத் தெரிந்தது, ஊரில் மதுக்கடையோடு ஒட்டிய இருட்டு அறை. அதைக் கண்டால் பெண்கள் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். ஆகவே சுவரில் புட்டி தெரிந்தால் அந்தக் கடை தள்ளுபடி. ஆட்கள் நின்றுகொண்டு சாப்பிட்டால் அது கையேந்திபவன், அதுவும் தள்ளுபடி. பன்றித்தொடையை முழுசாகக் கூரையில் தொங்கவிட்ட கடைகளைக் கண்டதும் போனையே கவிழ்த்துவைத்தார். சனம் நிறைய இருக்கவேண்டும், ஆனால் ஒருவரும் குடிக்கக்கூடாது. கலகலவென்று இருக்கவேண்டும், ஆனால் எல்லோரும் கதிரையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கவேண்டும். ஸ்பெயினில் அப்படி ஒரு இடம் இருந்தால் அது ஆசுபத்திரிக் கன்டீனாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் நாள் அவர் தேர்ந்த கடைக்கு மாலை ஏழு மணிக்குப் போகச் சொன்னார். எங்களுக்கு ஏழு மணி என்றால் சாப்பிட்டுக் கோப்பை கழுவிய நேரம். எட்டு மணிக்கு எங்கள் பக்கம் கடைத்தெருவில் நாய்கூட நிற்காது. அங்கே அந்த நேரத்தில் கடைக்காரர் சட்டியையே அடுப்பில் வைக்கமாட்டாராம். அக்கா பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, அறைக்குத் திரும்பி பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறார். அதை உள்ளபடியே சொல்லியும்விட்டார்.

அன்று காலை அண்ணை என் குசினிக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அது பிஸ்கட் சாப்பிட வெச்சிடாதீங்கங்கறது. அதையே செஞ்சிட்டேன். வேலை போனதுல இருந்து நான் சரியாச் செஞ்ச காரியம் ஒண்ணும் இல்ல, சுகந்தினி."

"பூட்டின கடைக்கு நீங்கள் என்ன செய்வீங்கள் அண்ணை? விடுங்கோ."

விடவில்லை. அக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். திரும்பவும் கூப்பிட்டுக் கேட்டார். நடுச்சாமத்தில் அந்த மனுசி இவரை ஆற்றுப்படுத்திக்கொண்டு இருந்திருப்பார். காலையில் மேடையில் பேசவேண்டியவர். எனக்கு அக்காவை நினைத்துத்தான் கோபம் வந்தது.

அடுத்த நாள் பிழை வரவில்லை. "போனேங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று மெசேஜ் வந்ததாம். அதற்கடுத்த நாளும் அதே. மனிதர் என் குசினியில் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். எங்கள் வீட்டு டிவி பழசாகிவிட்டது, ஒன்று பார்த்துத் தரட்டுமா என்றுகூடக் கேட்டார். பழைய சுந்தரமூர்த்தி திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் எழும்பும்போது போனை இன்னொரு தரம் பார்த்தார்.

"நல்லா இருந்துச்சுன்னு மட்டும் போட்டிருக்கா. என்ன சாப்பிட்டேன்னு போடலயே?"

"ஐயோ அண்ணை, அவ சாப்பிடப் போனவவா, சோதினை எழுதப் போனவவா?"

அக்கா திரும்புவதற்கு முதல் நாள் காலை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணை குடை இல்லாமல் ஓடி வந்தார். அக்கா போனை எடுக்கவில்லை. போன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஹோட்டலில் கேட்டால், மாலையிலேயே வெளியே போய்விட்டார் என்கிறார்கள். நல்லா இருந்தது என்றதால் இவர் திரும்பவும் அனுப்பிவைத்த அந்த இரண்டாம் நாள் கடையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

"சின்னச் சந்துங்க அது. மேப்புல பாத்தேன். கடை மூடியிருந்தா அவ அந்த இருட்டுல தனியா நின்னிருப்பா. நான்தான் அனுப்பினேன். நான்தான்."

நானும் வெருண்டுதான் போனேன், பொய் சொல்லக்கூடாது. அடுப்பை நிறுத்திவிட்டு அவருடைய போனை வாங்கி அந்தச் சந்தைப் பார்த்தேன். இவருடைய கடைக்கு ஒட்டினாற்போல இன்னொரு கடை. படத்தில் கூரை முழுக்கப் பன்றித்தொடை. சுவர் முழுக்கப் புட்டி. வாசலில் சனம் தெருவரைக்கும் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இதுக்குப் போன் எடுங்கோ."

"அங்க அவ எதுக்குங்க போறா? பன்னித்தொட தொங்குதுங்க!"

"தொங்கட்டும். சனம் நிக்குதெல்லோ? பக்கத்துக் கடை பூட்டோ, ஒரு பொம்பிளை தனிய நிண்டவவோ எண்டு கேப்பம். எடுங்கோ அண்ணை!"

எடுத்தார். சத்தம் வெளியே கேட்கும்படி போட்டு மேசையில் வைத்தோம். மறுபக்கத்தில் பேசியவர் ஒரு ஆண். பின்னால் கலியாண வீட்டுப் பந்திபோல இரைச்சல். அண்ணை தடுமாறிய ஆங்கிலத்தில், இந்தியப் பெண், தனியாக, கண்ணாடி போட்டிருப்பார், பெயர் தமயந்தி என்றார்.

"ஓ, தமா!" என்றார் அந்த மனிதர். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே திரும்பி, "தமா! டெலிபோன்!" என்று கூவினார்.

பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற, மூச்சு வாங்கவைக்கிற சிரிப்பு. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முன்பு நான் கேட்டிருந்த சிரிப்புத்தான், ஆனால் கேட்டுக் கனகாலம். யாரோ ஏதோ சொல்ல, அக்கா சிரித்துக்கொண்டே போனை வாங்கி, சிரிப்பு நிற்காமலே "ஹலோ?" என்றார்.

"தமயந்தி," என்றார் அண்ணை.

சிரிப்பு நின்றது. "என்னங்க? என்ன ஆச்சு? உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?" அவ்வளவு மெல்லிய, பத்திரமான குரல்.

ஒன்றும் இல்லை, நீ போனை எடுக்கவில்லை, அதுதான் என்றார். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அக்கா சொன்னார். பிறகு தானாகவே சொன்னார்.

"ரெண்டாவது நாள் நீங்க சொன்ன எடத்துக்குப் போனேங்க. வெள்ளைத் துணி விரிச்ச மேசை, உள்ள நான் ஒருத்தி, பரிமாற ஒருத்தர். அவர் என்னையே பாத்துட்டு நிக்கறார். ஒரு சூப்பக் குடிச்சிட்டு வெளிய வந்தா, இங்க ஒரே கூட்டம். தள்ளுவண்டில கொழந்தைய வெச்சுக்கிட்டு அம்மாக்கள் நிக்கிறாங்க, வயசான பொம்பளைங்க நிக்கிறாங்க. நானும் போய் நின்னேன். கீரையும் கொண்டக்கடலையும் சீரகம் போட்டுக் குடுத்தாங்க. நம்ம வீட்டு ருசிங்க. அன்னிலருந்து இங்கதான். கான்ஃபரன்ஸ்ல வந்தவங்களும் ரெண்டு பேர் சேந்துட்டாங்க."

"நான் சொன்ன எடமெல்லாம் நல்லா இருந்துச்சுன்னு போட்டியே?"

"மொத நாள் உண்மையச் சொன்னேன். நீங்க பட்ட பாடு..." என்றார் அக்கா. "தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல, இல்ல. நீ சாப்பிடு," என்று அண்ணை வைத்துவிட்டார்.

அந்த இடத்தில் கையில் குடிக்க என்ன கிளாஸ் என்று நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பொய் சொன்னதுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, "உங்களை நோகடிக்கக்கூடாது எண்டுதானே அண்ணை மறைச்சவ" என்றேன்.

"அது இல்லைங்க. அவ சிரிச்சுக்கிட்டுத்தான் போனை வாங்கினா. நான்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டா. கேட்டீங்களா?"

கேட்டேன். கேட்காத மாதிரி எப்படிச் சொல்வது? நிறுத்தின அடுப்பைத் திரும்பவும் பற்றவைத்தேன். அவர் மழையிலேயே நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் வரவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை, நானே போனேன். பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இண்டைக்கு எங்க போகச் சொன்னீங்கள் அண்ணை?"

"எங்கயும் சொல்லல. கடைசி ராத்திரி, உனக்குப் புடிச்ச எடத்துல இரு, நான் ஒண்ணும் தேடலன்னு மெசேஜ் போட்டேன். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "சரிதானே சுகந்தினி? கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சுக்குவாளோ?"

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. வீடியோ. அக்காதான். "இங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு, கடையைக் காட்டுவதற்காகப் போனை எதிலோ சாய்த்துவைத்தார். கூரையில் பன்றித்தொடைகள், அதற்குக் கீழே நெருக்கிக்கொண்டு நிற்கிற சனம், நடுவில் பச்சைச் சட்டையில் அக்கா. உயரமான ஒருவர் குனிந்து அவருடைய காதில் எதையோ சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை மறந்து, கையால் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"கதையுங்கோவன் அண்ணை," என்றேன் மெதுவாக.

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, வேண்டாம் என்று உதட்டில் விரலை வைத்தார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூடக் கேட்காமல், அக்கா சிரித்து முடிக்கும்வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.