அடியில் கிடந்த சீட்டு

அந்த மழையில் தாம்பரம் பக்கம் செல்போன் டவர்கள் எல்லாம் படுத்துவிட்டன. முடிச்சூரில் எங்கள் காலனியிலிருந்து வெளியே பேச மிஞ்சியது பொழுதுபோக்காக நான் வைத்திருந்த ஹாம் ரேடியோ என்ற வயர்லெஸ் செட் மட்டும்தான். கார் பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கி வந்து அதில் ஓட்டினேன். இத்தனை வருடம் என்னை வேலை வெட்டி இல்லாதவன் என்று பார்த்தவர்களெல்லாம் துண்டுச் சீட்டோடு படியேறினார்கள். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதைப் பார்க்க வேண்டியவள் வீட்டில் இல்லை. மழைக்கு ஒன்பது நாள் முன்பு, "அந்தப் பெட்டியோடவே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி பள்ளிக்கரணையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஒன்பது நாளும் போனில் சிக்னல் நன்றாகவே இருந்தது. அவளே கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தேன். இப்போது சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தத் தரைத்தள வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறதோ, தெரியவில்லை.

ஹாம் ரேடியோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட செய்தி முதலில் போகும். ரேடியோவில் உட்கார்ந்திருப்பவனின் சொந்தச் செய்தி கடைசியில். கேட்டவர் வார்த்தை மாறாமல் திரும்பச் சொல்லியாக வேண்டும். என் சீட்டை எழுதி எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். இன்சுலின், டயாலிசிஸ், பிரசவ வலி என்று மேலே சீட்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன. இரண்டு நாள் அதைத் தொடவில்லை. வழக்கம் பாதிக் காரணம்தான். அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் என் வீட்டுச் சண்டை விழுமே என்ற வெட்கம் மீதி.

மூன்றாம் நாள் காலையில், முந்தின நாள் மனைவியைப் பிரசவத்துக்குப் படகில் அனுப்பிய ஆட்டோக்காரர் விவரம் கேட்க வந்தார். குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எல்லார் வூட்டுக்கும் கேக்குறியே சார், உன் வூட்டுக்காரம்மா எங்க கீறாங்க?"

என் சீட்டை உருவி எடுத்தேன். 'நான் நலம். நீ எப்படி?' அவ்வளவுதான் எழுதியிருந்தேன், கஞ்சன். அதையே வாசித்தேன். பள்ளிக்கரணையில் அதை வாங்கியவர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர், முன்பின் பார்த்திராதவர். அவருடையதும் மேசையை விட்டு நகராத பெரிய செட், அவளிடம் தூக்கிப்போய்ப் பேசவைக்க முடியாது. வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போய்ப் பார்த்து வருவதாகச் சொன்னார். அதுவரை ரேடியோவின் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டினால்கூடப் போதும், அவள் குரல் வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது.

மதியம் அவர் மறுபடி ரேடியோவில் வந்தார். எல்லோரும் மேல்மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள் என்றார். பிறகு ஆபீஸ் ஃபைல் படிப்பவர் போல அவள் செய்தியை வாசித்தார்.

"கோவம் இன்னும் போகல. உங்க குரலைக் கேக்கணும் போல இருக்கு. ஓவர்."

அடுத்து நான் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் வரியைச் சொல்லிவிட்டேன். இரண்டாவதில் மைக் பட்டனை விட்டு, மறுபடி அழுத்தினேன்.

"உங்க குரலைக் கேக்கணும் போல இருக்கு."

"சரியா இருக்கு சார்," என்றார் அவர். "இதையே உங்க பதிலா அவங்க கிட்ட போய்ச் சொல்லிடட்டுமா?"