அவள் பேசிய வேகம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜெலாப்பாங்கில் ஒரு காப்பிக்கடையில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். ஆளுக்கொரு பழைய கேசட் ரெக்கார்டர் மேசைமேல் இருக்கும். பட்டனை அழுத்தினால் 'டக்' என்று விழும் சத்தத்துக்காகவே ஒன்றை வாங்கியவர் உண்டு. கைப்பேசியிலும் பாட்டு வருகிறது, ஆனால் எங்கிருந்து வருகிறதென்று தெரிவதில்லை. இதில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். வீட்டுப் பெண்கள் எங்களைப் பழைய இரும்புக்காரர்கள் என்பார்கள். என் மனைவியும் அப்படித்தான் சொல்வாள்.

அவள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

கல்யாணமான புதிதில் நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தேன். அவள் தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தாள். கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, பேசிப் பதிவு செய்து கேசட்டாக அனுப்புவாள். அதில் அவள் அனுப்பாமலே விட்ட ஒன்றுதான் மிஞ்சியது. அவள் போன பிறகு தேடினால், அவள் பேசிய ரெக்கார்டரும் அலமாரியில் இருந்தது. பேட்டரி போட்டால் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றவும் செய்தது.

அப்போதே கேசட்டைப் போட்டுக் கேட்டிருக்கலாம். ஓட்டை மெஷினில் அவள் குரலைக் கேட்பதா என்று எனக்கு வீறாப்பு. பெல்ட்டை மாற்றினேன். புது மோட்டார் போட்டேன், பழையதைக் குப்பையில் எறிந்தேன். வேகத்தை இம்மி பிசகாமல் சரிசெய்தேன். நண்பர்கள் கை குலுக்கினார்கள். அன்று மாலை புந்தோங் வீட்டில் தனியாக உட்கார்ந்து கேசட்டைப் போட்டேன்.

யாரோ ஒரு சின்னப் பிள்ளை கீச்சுக் குரலில், மூச்சு விடாமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது.

அவள் இதைப் பதிவு செய்தபோதே அந்த மெஷின் மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது. அதே மெத்தனத்தில் ஓடினால்தான் அவள் குரல் அவள் குரலாகக் கேட்கும். அந்த மெத்தனத்தைத்தான் நான் பெருமையாகக் கழற்றி எறிந்திருக்கிறேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

"பின்னாடி ரேடியோ, பாட்டு ஏதாச்சும் கேக்குதாண்ணே? அத வச்சு வேகத்தப் பிடிச்சிரலாம்லா," என்றார் காப்பிக்கடை நண்பர் ஒருவர். பின்னால் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

மோட்டாரின் முதுகில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகாணி ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து நாள் அதைத் திருகிக்கொண்டே கிடந்தேன். ஓரிடத்தில் இவள்தான் என்று பட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தாப்பாவில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் போனேன்.

"இல்ல அத்தான். அக்கா இவ்வளவு கனமா பேசாதுலா."

மயிரிழை திருகினேன்.

"இன்னும் கொஞ்சம். நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. இதான் எங்கக்கா." துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கு அது அவளாகத் தெரியவில்லை. "நல்லா தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"கூடப் பொறந்தவ குரல் எனக்குத் தெரியாதா அத்தான்?"

நாற்பது வருடம் கூட வாழ்ந்த நான், அந்த வேகத்திலேயே தங்கையின் கைப்பேசியில் பதிவு செய்து கொடுத்தேன். தினமும் காலையில் கேட்கிறாளாம்.

வீடு திரும்பி, நான் கண்டுபிடித்த இடத்துக்கே திருகாணியைக் கொண்டுபோகப் பார்த்தேன். முடியவில்லை. இப்போது அவளை நினைத்தால் அந்த நாட்களில் கேட்ட குரல்கள்தான் வேகமாகவும் மெதுவாகவும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கேசட்டைப் போடுவதற்கு முன்னால் என் காதில் இருந்த குரல் எதுவென்று தெரியவில்லை. அதையும் நான்தான் திருகித் திருகி அழித்துவிட்டேன்.